எக்ஸ்ரே வண்டியும் மஞ்சள் கயிறும்

2 ஜூன் 2025, திங்கள்

கோலியனூரில் இன்று எண்பத்தாறு பேருக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். ஒன்றுகூட ஆடவில்லை, ஒன்றுகூட மங்கவில்லை. விழுப்புரத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துச் சொல்பவர் டாக்டர் அருணா. சாயந்திரம் அவரே போன் செய்தார். "மேரி, உங்க படம் வந்தா நான் கண்ணாடியத் தொடைக்கவே வேண்டாம்" என்றார். இதை எழுதி வைக்காமல் விட்டால் பாவம். அதனால் எழுதுகிறேன்.

திண்டிவனம் வந்து சேர்ந்ததும் வீட்டுக்காரரிடம் முழுதாகச் சொன்னேன். பாக்கியராஜ் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எண்பத்தாறு பேர மூச்ச புடிக்க சொல்ட்டு, ஊட்டுக்கு வந்து எங்கிட்ட மூச்சு வுடாம பேசிக்கினு இருக்கியே" என்றார். பேசுவேன். அற்புதமேரி பேசாமல் வேறு யார் பேசுவது?

5 ஜூன், வியாழன்

எட்டு வருஷம் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். அந்தத் தெருவில் மட்டும் நான்கு சென்டர். போன வாரம் தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனவர் இந்த வாரம் வேறொரு டாக்டர் சீட்டோடு வந்து அதே தலையை நீட்டுவார். பழைய படம் எங்கே என்றால் வீட்டில் பீரோ மேலே இருக்கிறது என்பார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எடுத்துக் கொடுப்பேன்.

இந்த மார்ச்சில்தான் காசநோய் கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே வண்டிக்கு மாறினேன். இன்று அனந்தபுரம் தாண்டி ஒரு ஊர். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், வாழ்நாளில் இதுதான் முதல் படம். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, சிரித்த முகமாக நின்றார்.

"சிரிக்க வேணாம் பெரியவரே, இதுல மொகம் வராது."

"மொகம் வராதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு படம்?"

வண்டி ஓட்டும் கோகுலகிருஷ்ணன் அண்ணன் வெளியே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வரும் வழியில்தான் உறைத்தது. ஒரே மாவட்டம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு தலைக்கு மூன்று ஸ்கேன். இங்கே அறுபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே.

12 ஜூன், வியாழன்

இன்று போன ஊரின் பெயரை எழுத மாட்டேன். நோயோடு ஊர் பெயரைச் சேர்த்து எழுதினால், நாளைக்கு அந்த ஊரில் பெண் எடுக்க யோசிப்பார்கள். ஏரிக்கரை ஊர் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே ஆட்களைத் திரட்டிக் கொடுப்பது இசைவாணி. வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர், கெட்டிக்காரப் பெண், வாய் மட்டும் என்னைவிடக் கொஞ்சம் குறைவு.

குப்பம்மாள் என்று ஒரு அம்மா. ஐம்பது இருக்கும். களை எடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தார். பெயர் எழுதும்போதே மூன்று தடவை இருமினார். "இருமல் எத்தினி நாளா?" என்று கேட்டால், "இருமலா? எனக்கா?" என்கிறார்.

தாலியைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னேன். முடியாது என்றார். மஞ்சள் கயிற்றில் தாலி, இரண்டு குண்டு, அதோடு ஏழு ஊக்கு. முதுகுப் பக்கம் போட்டுக்கொள்கிறேன் என்றார். எக்ஸ்ரேக்கு முன்னால் ஏது, பின்னால் ஏது? எங்கே போட்டாலும் படத்தில் விழும். சரி, பல்லில் கடித்துக்கொள்ளுங்கள் என்றேன். கடித்தார். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றதும் வாயைத் திறந்து இழுத்தார். நான் பொத்தானை அழுத்தவும் தாலி தொப்பென்று நெஞ்சில் விழவும் சரியாக இருந்தது.

படம் வந்தது. வலப்பக்கம் மேலே ஏதோ மங்கலாக இருப்பது போல இருக்கிறது. அதன்மேலேயே கயிறும் ஊக்கும் கொத்தாகக் கிடக்கின்றன. சந்தேகம் உள்ள இடத்தைக் காட்டும் கம்ப்யூட்டர், தாலிக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இந்தத் தடவை கழற்றியே ஆக வேண்டும் என்றேன். கேட்கவில்லை. பின்னால் முப்பது பெண்கள் வரிசையில். வெயில். எனக்குப் பொறுமை போய்விட்டது. "யம்மா, எக்ஸ்ரேக்கு தாலியும் ஒண்ணுதான், ஊக்கும் ஒண்ணுதான். ஜல்தி கழட்டுங்க!" என்று கத்தினேன்.

குப்பம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

13 ஜூன், வெள்ளி

தாலியும் ஒன்றுதான், ஊக்கும் ஒன்றுதான். நல்லாத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் எப்படித்தான் வருகிறதோ இப்படி.

26 ஜூன், வியாழன்

ஏரிக்கரை ஊருக்கு மறுபடி போனோம். மொத்தம் பதினொரு பேர். ஒன்பது ஆண்கள், இரண்டு பெண்கள். அந்த இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள். அவர்கள் படம்தான் எந்தத் தடங்கலும் இல்லாமல் சுத்தமாக வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"மத்த பொம்பளைங்க எங்க?" என்று இசைவாணியைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று நின்றாள். மிரட்டிய பிறகு சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தாலியும் ஊக்கும் ஒண்ணுன்னு சொன்னவ வண்டி வந்துருக்குதுன்னு சொல்றாங்க. பக்கத்து ஊருக்கும் போயிட்ச்சி. யாரும் வர மாட்டாங்க."

அப்படியானால் அது நான். வேறு யாரும் இல்லை. நான்தான்.

குப்பம்மாளுக்கு இசைவாணி சளி பரிசோதனைக்கு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த அம்மா அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

30 ஜூன், திங்கள்

விழுப்புரத்தில் கூட்டம். டாக்டர் அருணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அனந்தபுரம் பக்கத்து ஊர்களில் ஒரு நாளைக்கு இருபது பேர்கூட வருவதில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் அறுபதுக்கு ஏறாவிட்டால் வண்டியை விழுப்புரம், திண்டிவனம் டவுன் வார்டுகளுக்கே திருப்பிவிடச் சொல்கிறார்கள்.

"அங்கதான் மூலைக்கு மூல எக்ஸ்ரே இருக்குதே மேடம்!"

"எனக்கும் தெரியும் மேரி. ஆள் வராத ஊர்ல வண்டிய நிறுத்தி வெச்சிருக்கோம்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

பதில் என்னிடம் இருந்தது. மேடம், நான்தான் காரணம், என் வாய்தான் காரணம். சொல்லவில்லை. கண்ணாடி துடைக்க வேண்டாம் என்று சொன்ன மனுஷியிடம் எப்படிச் சொல்வது? கோழைதான் நான். எழுதிவிட்டேன், போதும்.

3 ஜூலை, வியாழன்

குப்பம்மாள் வீட்டுக்குப் போனேன். இசைவாணி கூட வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. போனதும் நுரையீரல், கிருமி, மாத்திரை என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நெட்டையான ஆள், தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. அவரும் நடுநடுவே இருமினார். பீடி இருமல் என்றார்.

கடைசியில் அவர்தான் பேசினார். "இத பாரும்மா. அவ கழுத்துல கெடக்கிறது என் உசுரு. உன் பொட்டியில காட்றதுக்கு அத கழட்டி தட்டுல போடுவியா நீ? நான் கண்ண மூடுனப்புறம் கழட்டிக்க சொல்லு. அப்போ வந்து எடு."

நான் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மாள் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக.

"உன் கழுத்துலயும் தாலி இருக்குதே. நீ கழட்டுவியாம்மா?"

என் சங்கிலியில் தாலி இருக்கிறது. புறா பொறித்த கிறிஸ்தவத் தாலி, கோயிலில் சாமியார் மந்திரித்து எடுத்துக் கொடுத்தது. பதினொரு வருஷமாகக் கழற்றியதே இல்லை. குளிக்கும்போதும் இல்லை, பிரசவத்துக்குப் போனபோதும் இல்லை. நர்ஸ் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள். எத்தனை ஆயிரம் பெண்களைக் கழற்றச் சொல்லியிருப்பேன்!

எழுந்து வந்துவிட்டேன்.

சாயந்திரம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கொக்கியில் கை வைத்தேன். பாக்கியராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாமி, பேய், சகுனம் எதையும் நம்பாத ஆள், எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற ஆள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தார்.

"இப்போ இன்னாத்துக்கு மேரி... அப்புறம் பாத்துக்கலாம், வுடு."

விட்டுவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை. முன்வரிசைப் பெண்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10 ஜூலை, வியாழன்

பதினாறு பேர். கோகுல் அண்ணன் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட் போய்விடும் போலிருக்கிறது.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஏரிக்கரை ஊரில் இன்று எட்டுப் பேர். இசைவாணி வண்டிப் படியில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் பெருக்கு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அன்றைக்கு ஊரில் எல்லாப் பெண்களும் தாலிக்கயிறு மாற்றுவார்கள், தனக்கும் கயிறு அழுக்காகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள்.

"மாத்தறதுன்னா? பழச கழட்டுவீங்களா?"

"கழட்டாம எப்படி மாத்தறது?"

"அப்போ கழுத்துல ஒண்ணும் இருக்காதே?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஐயோ, அது எப்படிக்கா? மொதல்ல மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்ட கட்டி கழுத்துல போட்டுக்குவோம். அப்புறம்தான் பழச கழட்டுவோம். பொறுமையா குண்டு, தாலி எல்லாத்தியும் புதுசுல கோத்து கட்டிக்கினு, மஞ்சத் துண்ட கடைசியில எடுப்போம். கழுத்து ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவுதான்! நான் எட்டு வருஷமும் நான்கு மாதமும் அவர்களிடம் கேட்டது தங்கத்தைக் கழற்றச் சொல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காதில் விழுந்தது வெறுங்கழுத்தோடு நிற்கச் சொல்லி. அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா ஆச்சி உங்களுக்கு?" என்று பயந்துவிட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

மளிகைக் கடையில் ஒரு கண்டு மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கினேன். வண்டியில் ஆள் இல்லாமல் பலகைமேல் வைத்துப் படம் எடுத்தேன். கயிறு தெரியவே இல்லை. மஞ்சள் மட்டும் லேசாகப் புகை போல. தொண்டைக்குழிக்கு மேலே ஏற்றிக் கட்டினால் நுரையீரல்மேல் விழாது. மூன்று படம் எடுத்துப் பார்த்தேன். கோகுல் அண்ணன், "மஞ்சளுக்கு டிபி இருக்குதா மேரிம்மா?" என்றார். இல்லை, மஞ்சள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

21 ஜூலை, திங்கள்

டாக்டர் அருணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். தலை குனிந்துதான் சொன்னேன். அவர், "நான் படிக்கிறப்போ எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் கத்துவாங்க. நானும் கத்திருக்கேன்" என்றார். பதினெட்டாம் பெருக்கு ஞாயிறன்று ஏரிக்கரை ஊரில் முகாம் போட அனுமதி கையெழுத்தாகிவிட்டது.

கோகுல் அண்ணன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆடி ஞாயிறு அவர் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்களாம். "லீவு நாள்ல பேஜாரு பண்றியே மேரிம்மா" என்றார். பிறகு அவரே, "ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு ஷாமியானா நான் எடுத்துக்கினு வர்றேன். பொம்பளைங்க வெயில்லயா கயிறு கோப்பாங்க?" என்றார். தங்கம்.

2 ஆகஸ்ட், சனி

நாளைக்குப் பூசைக்குப் போக முடியாது. இன்று சாயந்திரமே கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வந்ததும் பாக்கியராஜிடம் மஞ்சள் கயிற்றை நீட்டினேன். மஞ்சள் துண்டை வைத்து அவரே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். எலக்ட்ரீஷியன் முடிச்சு, மூன்று சுற்று. அதற்குப் பிறகு சங்கிலியை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரிக்குத் தோசை சுட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு — ஆடிப்பெருக்கு

எங்கிருந்து ஆரம்பிக்க?

ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். வண்டியை ஏரி மதகுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நிறுத்தினோம். பெண்கள் குளித்து, மஞ்சள் பூசி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புதுக்கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நான் இறங்கிப் போனேன். மைக் பிடிக்கவில்லை, பாடம் எடுக்கவில்லை. என் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துக் காட்டினேன். "அன்னிக்கி நான் பேசினது தப்பு. உங்க எல்லார் முன்னாடியும்தான் பேசினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் தாலிய நேத்து என் ஊட்டுக்காரர்கிட்ட கழட்டி குடுத்துட்டு, இத கட்டிக்கினு வந்துருக்கேன். யாரும் வெறுங்கழுத்தோட நிக்க வேணாம். நீங்க எப்படியும் இன்னிக்கி கயிறு மாத்தப் போறீங்க. மஞ்சத் துண்டோட இருக்கிற அந்த பத்து நிமிஷத்த மட்டும் எனக்குக் குடுங்க."

ஒரு குழந்தை மட்டும் வாழைப்பழம் கேட்டு அழுதுகொண்டிருந்தது. போச்சு, இனி டவுன் வார்டுதான் என்று நினைத்தேன்.

குப்பம்மாள் முன்னால் வந்தார். என் கழுத்துக் கயிற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "யாரு போட்ட முடிச்சு இது? இப்படியா போடறது?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரரு போட்டாரு."

"அதான பாத்தேன்." கூட்டம் சிரித்தது. அவரே அதை அவிழ்க்காமல் பக்கத்திலேயே இன்னொரு நல்ல முடிச்சு போட்டு இறுக்கிவிட்டார். பிறகு ஷாமியானாவில் போய் உட்கார்ந்து, "யாராச்சும் எனக்குக் கட்டி வுடுங்கடி" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. வெளியே கயிறு கோர்க்கிறார்கள், ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிடுகிறார்கள், குங்குமம் வைக்கிறார்கள். மஞ்சள் துண்டோடு படியேறி வருகிறார்கள், பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், இறங்கிப் போய்ப் புதுக்கயிற்றில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு ஆட்டோ நிறைய வந்தார்கள். கல்யாணம் முடிந்து மூன்றே மாதமான பெண்கூட வந்தாள். கர்ப்பமா என்று கேட்டேன், தெரியாது என்றாள், அவளை மட்டும் எடுக்காமல் அனுப்பினேன். யாரோ கேப்பைக் கூழும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோகுல் அண்ணன் மூன்று சொம்பு குடித்தார், தன் ஊர்க் கூழைவிட நன்றாக இருக்கிறதாம்.

ஏழுமலை மட்டும் மதகுக் கட்டையில் உட்கார்ந்தபடி வண்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். மனைவி புதுக்கயிறு கட்டிக்கொண்டதும் எழுந்து போய்விட்டார்.

நூற்றிரண்டு பேர். நூற்றிரண்டு! ஒரு படத்தில்கூட ஒரு ஊக்கு இல்லை. என் வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. பெருமையாக இருக்கிறது. யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், எனக்குப் பெருமையாக இருக்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்

டாக்டர் அருணா: ஐந்து பேருக்குச் சந்தேகம். குப்பம்மாளுக்கு வலப்பக்கம் மேலே, நான் நினைத்த அதே இடம். இந்தத் தடவை சிவப்பு வட்டம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

குப்பம்மாளுக்குக் காசநோய் உறுதி. ஆரம்பம்தான், ஆறு மாத மாத்திரையில் சரியாகிவிடும். வீட்டில் இருக்கிறவர்களையும் பார்க்க வேண்டும் என்றதும் ஏழுமலை வர மறுத்தாராம். குப்பம்மாள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

படம் திரையில் வந்தது. இரண்டு பக்கமும் மங்கல். இடதில் ஒரு ஓட்டையே விழுந்திருக்கிறது. மனைவிக்கு வந்தது இவரிடமிருந்துதான்.

14 ஆகஸ்ட், வியாழன்

ஏழுமலை ஊர் நடுவில் நின்று சொல்லியிருக்கிறார்: "பாத்தீங்களா? அவ தாலிய கழட்டின எட்டாவது நாளு எனக்கு சீக்குன்னுட்டாங்க."

குப்பம்மாள் எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தாராம்; இசைவாணி அப்படியே நடித்துக் காட்டினாள். "எட்டு நாள்ல வந்த சீக்கா இது? ரெண்டு வருசமா ஊட்டையே தூக்கற மாதிரி இருமிக்கினு இருந்தியே, அப்போ என் கழுத்துல தாலி இல்லாம இன்னா இருந்துச்சி?"

நாளை முதல் அவருக்கும் மாத்திரை ஆரம்பம்.

1 செப்டம்பர், திங்கள்

வண்டி அனந்தபுரம் பக்கமே இருக்கும். உத்தரவு வந்துவிட்டது. கோகுல் அண்ணன் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்வீட் வாங்கித் தந்தார்.

இனிப்பை அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். ஏழுமலைக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, விழுப்புரத்தில் சேர்த்திருக்கிறார்கள். நாற்பத்தோரு கிலோ. அவர் செத்துப்போனால்? அப்புறம் அந்தப் பக்கத்தில் எந்தப் பெண் வண்டிப் படியேறுவாள்? ஒரு மனுஷன் சாகக் கிடக்கும்போது வண்டியைப் பற்றி யோசிக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணினேன்.

6 செப்டம்பர், சனி

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குப்பம்மாள் முகக்கவசத்தை இறக்காமலே சிரித்தார். "கோவம் இருந்தா ஒடம்புல தெம்பு இருக்குதுன்னு அர்த்தம்மா. நீ போயிட்டு வா."

19 செப்டம்பர், வெள்ளி

ஏழுமலை வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி தங்குகிறது.

27 நவம்பர், வியாழன்

மழை. நாலு நாளாக வண்டி போகவில்லை. இசைவாணி மட்டும் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் குப்பம்மாளுக்கும் ஏழுமலைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறாள். இவளைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? நான் எழுதி வைக்கிறேன்.

ஏழுமலை இப்போது நாற்பத்தெட்டு கிலோ. பீடியை விட்டுவிட்டேன் என்கிறாராம். நம்புவதற்கில்லை.

26 பிப்ரவரி 2026, வியாழன்

புது ஊர். அனந்தபுரத்துக்கு மேற்கே, இதற்குமுன் வண்டி போகாத இடம். மஞ்சள் கயிறு, மஞ்சள் துண்டு, ஷாமியானா எல்லாம் தயார். இருந்தும் பெண்கள் தயங்கினார்கள். புருஷன்மார்கள் ஒரு பக்கம் கை கட்டி நின்றார்கள். அதில் ஒருவர், "ஆடிப்பெருக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னிக்கி இன்னாத்துக்கு கழட்டணும்? எங்க உசுருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். முன்பானால் ஏதாவது கத்தியிருப்பேன். இப்போது வாயை மூடிக்கொண்டு நிற்கக் கற்றிருக்கிறேன்.

டிவிஎஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. முன்னால் ஏழுமலை, பின்னால் குப்பம்மாள். போன வாரம்தான் ஏழுமலைக்கு மாத்திரை முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அவர்களை யாரும் வரச் சொல்லவில்லை; இந்தப் பக்கம் எக்ஸ்ரே வண்டி வருவதாக இசைவாணி சொன்னாள் என்று குப்பம்மாள் பிறகு சொன்னார்.

ஏழுமலை என்னைப் பார்க்கவே இல்லை. இந்த ஏழு மாதத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, இன்றும் பேசவில்லை. வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு நேராக அந்த ஆண்கள் நின்ற பக்கம் போனார். சட்டை தோளில் நிறைந்து நின்றது.

"யாரு பதில் சொல்றதுன்னு கேட்டியே, நான் சொல்றேன்" என்றார். "எங்க ஊட்டுக்காரி கழட்டினா. கழட்டக் கூடாதுன்னு நின்னவன் நான்தான். நல்லா பாத்துக்கோ, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அந்த ஆள் ஏழுமலையை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு தன் மனைவி பக்கம் திரும்பி, தலையை மட்டும் அசைத்தார்.

அந்தப் பெண் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு படியேறி வந்து பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றாள். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று கத்தாமல் சொன்னேன். பொத்தானை அழுத்தினேன். படத்தில் ஒரு ஊக்குகூட இல்லை.